தாத்தாவின் முறை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, உணவில் உப்பு எவ்வளவு, அடுத்த பரிசோதனை எப்போது, நடக்க எத்தனை நாளாகும். இவற்றுக்கெல்லாம் விடை எழுதி, கையொப்பமிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்கு மேல் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் அன்றைக்கு எவரும் கேட்பதில்லை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வருகிறார்கள். நோயாளி வெளியே சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்க, மகளோ மருமகளோ மட்டும் அறைக்குள் வந்து தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "அப்பா யாரோடும் பேசுவதில்லை டாக்டர். சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்."

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அது நோயின் ஒரு பகுதி. அதற்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. ஆகவே இத்தகைய சொற்களைக் கேட்டவுடன் நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் மனச்சோர்வு இல்லாதவர்களிடத்தும் இந்த மௌனத்தைக் காண்கிறோம். வீட்டார் அவரோடு நாள் முழுதும் பேசுவது என்ன என்று கேட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். மாத்திரை போட்டாயிற்றா? சாப்பிட்டாயிற்றா? வயிறு சரியாகப் போயிற்றா? அன்பினால் பிறந்த கேள்விகள்தாம். ஆயினும் நாற்பது ஆண்டு ஒரு குடும்பத்தை நடத்திய மனிதர், எட்டு மாதமாக இம்மூன்று கேள்விகளுக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு எதற்கும் அழைக்கப்படுவதில்லை என்றால், அவர் சுவரைப் பார்ப்பதில் வியப்பில்லை.

இந்த இதழில் அதனால் ஒரு மேசையைப் பற்றி எழுத எண்ணினோம். அதைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்து, நடுவே ஒரு கட்டம் வரைந்த பலகையை விரித்து, காய் நகர்த்தும் மேசை.

போர்டு கேம் கஃபே என்ற பெயரில் சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களில் சில ஆண்டுகளாகக் கடைகள் நடைபெறுகின்றன. உள்ளே நுழைந்தால் சுவர் முழுதும் அலமாரி. அலமாரி முழுதும் விளையாட்டுப் பெட்டிகள். தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள். சில இடங்களில் உண்பதற்கும் குடிப்பதற்கும் கொடுத்தால் போதும். எந்தப் பெட்டியை எடுத்தாலும் அதன் விதிகளை அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்ல ஒரு பணியாளர் உண்டு. சியோல் நகரில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே இவை பெருகின. கனடாவின் டொரோண்டோவில் 2010இல் திறக்கப்பட்ட 'ஸ்நேக்ஸ் அண்ட் லாட்டேஸ்', ஆக்ஸ்ஃபோர்டில் 2013இல் திறக்கப்பட்ட 'தர்ஸ்ட்டி மீப்பிள்ஸ்' ஆகியவை மேல்நாடுகளில் இவ்வழக்கத்தைப் பரப்பின. முதலாவதன் பெயரிலேயே பாம்பு இருக்கிறது. பாம்பும் ஏணியும் இந்தியாவிலிருந்து விக்டோரியா காலத்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஆட்டம் என்பது அங்கே காப்பி அருந்துவோரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! நம் வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடிய பரமபத சோபனம் அதன் உறவுதான். 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, நம் பச்சீசியின் பிள்ளை. ஃபத்தேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் கல்லிலேயே பதித்த பச்சீசிக் கட்டத்தை இன்றும் காணலாம். ஆகவே இக்கடைகளை மேல்நாட்டு நாகரிகம் என்று பெரியவர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. திண்ணையில் நடந்தது இப்போது குளிரூட்டிய அறையில் நடக்கிறது, அவ்வளவே.

எங்கள் குடும்பமும் அண்மையில் ஒரு ஞாயிறு பிற்பகல் அப்படியொரு கடைக்குச் சென்று வந்தது. நாங்கள் இருவர், பதினைந்து வயது மகன், பதினொரு வயது மகள், அப்பா, அம்மா என அறுவர். அப்பாவுக்கு வயது 74. ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எட்டு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பாதியில் இரத்தக் குழாய் அடைத்ததால் அவருடைய இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். அது உரிய இடத்தில் வரும்.

செல்வதற்கு அவர் எளிதில் இசையவில்லை. "அங்கே வந்து நான் என்ன செய்யப்போகிறேன்? நீங்கள் போய் வாருங்கள்" என்றார். நோயுற்ற பின் திருமணம், காதுகுத்து, கோயில் என எல்லா அழைப்புக்கும் அவர் தரும் விடை இதுதான். எங்கள் மகன் கைப்பேசியில் ஒரு விளையாட்டுப் பெட்டியின் படத்தைக் காட்டி, "தாத்தா, இது ரயில் பாதை போடும் ஆட்டம். எனக்கு விதி புரியவில்லை" என்றான். அவனுக்கு விதி நன்றாகவே தெரியும். அப்பா கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.

அந்த ஆட்டத்தின் பெயர் 'டிக்கெட் டு ரைடு'. ஆலன் ஆர். மூன் என்பவர் உருவாக்கி 2004இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதைப் பெற்றது. வட அமெரிக்காவின் வரைபடம் பலகையாக விரியும். ஒவ்வொருவருக்கும் 45 சிறு ரயில் பெட்டிகள். வண்ணச் சீட்டுகளைச் சேர்த்து, ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள பாதையில் நம் பெட்டிகளை வைத்து அதைச் சொந்தமாக்க வேண்டும். இன்ன ஊரிலிருந்து இன்ன ஊருக்கு என்ற பயணச்சீட்டு ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இருக்கும். இறுதிக்குள் அவ்விரண்டையும் இணைத்தால் புள்ளி, இணைக்காவிட்டால் இழப்பு. அப்பா பச்சை நிறத்தை எடுத்துக்கொண்டார். பச்சை என்றால் வண்டி புறப்படலாம் என்றாராம்.

இடக்கையில் சீட்டுகளை விசிறிபோல் பிடிக்க அவரால் இயலவில்லை. பணியாளராக இருந்த இளைஞர் அதைக் கவனித்து, எழுத்துகளை அடுக்கும் வேறொரு விளையாட்டிலிருந்து ஒரு மரத் தாங்கியை எடுத்து வந்து அவர் முன் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் பயிற்சிப் பிரிவில் நாங்கள் சிரமப்பட்டுக் கற்பிக்கும் பண்பு அது.

வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு வரும் ஒரு குறையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் குடும்பத்தினர் பலர் அதைப் பிடிவாதம் என்றோ மறதி என்றோ எண்ணிவிடுகிறார்கள். கண் நன்றாகத் தெரியும். ஆனால் உலகின் இடப்பாதி கவனத்துக்கு வராது. இலையின் இடப்பக்கம் பரிமாறிய பொரியல் தொடப்படாமலே இருக்கும். அவரோ பொரியலே வைக்கவில்லை என்பார். முகத்தின் வலப்பாதியை மட்டும் சவரம் செய்துகொண்டு எழுந்துவிடுவார். இடப்பக்கம் நின்று அழைத்தால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். இதை இடப்புறப் புறக்கணிப்பு என்கிறோம். 'புறக்கணிப்பு' என்ற சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒலிக்கிறது. ஆனால் அவர் எதையும் வேண்டுமென்று ஒதுக்குவதில்லை. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்ற செய்தியே மூளையில் எழுவதில்லை. அப்பாவுக்கு இக்குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது என்றாலும் களைப்பு மிகும்போதும் பார்வைக்கு ஒரே நேரத்தில் பல பொருள்கள் வரும்போதும் தலைகாட்டும்.

அன்றும் காட்டியது. அவருக்குக் கிடைத்த பயணச்சீட்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை. நியூயார்க் வரைபடத்தின் வலக்கோடியில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் இடக்கோடியில். வலப்பக்கமிருந்து தொடங்கி வரிசையாகப் பெட்டிகளை வைத்துக்கொண்டே வந்தவர், பலகையின் நடுப்பகுதியில் நின்றார். மூன்று முறை சீட்டு மட்டும் எடுத்தார். பிறகு நிலைய அதிகாரிக்கே உரிய உறுதியுடன், "லாஸ் ஏஞ்சலிஸ் இதில் இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான்" என்றார்.

மருத்துவர்களாகிய நாங்கள் வாய் திறக்குமுன் மகள் தன் கூந்தலிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்துப் பலகையின் இடது ஓரத்தில் நீளவாக்கில் வைத்தாள். "தாத்தா, சிவப்பு தெரிகிற வரைக்கும் பாருங்கள்" என்றாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையின் இடது விளிம்பில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒட்டிக்கொடுத்த சிவப்பு நாடாவை அவள் மாதக்கணக்கில் பார்த்து வந்தவள். அப்பா தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார்; ரிப்பனைக் கண்டார்; அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி வரும் வழியில் ஊரையும் கண்டார். "ஓ, இங்கே ஒளிந்திருக்கிறதா!"

மறைவாக வைத்திருக்க வேண்டிய ஊரை அவர் உரக்கச் சொல்லிவிட்டதால் எங்கள் மகனுக்கு வேலை எளிதாயிற்று. அடுத்த முறையே அவர் செல்ல வேண்டிய பாதையில் தன் கறுப்புப் பெட்டிகளை வைத்து அடைத்தான். மகளுக்குப் பொறுக்கவில்லை. தன் முறை வந்தபோது, எடுக்க வேண்டிய பாதையை எடுக்காமல், தாத்தாவுக்காக விட்டுவைத்துப் பயனற்ற ஒரு சீட்டை எடுத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டார். இடப்பக்கம் நடந்ததுதான்; ஆனாலும் பார்த்துவிட்டார்.

"எனக்காக நீ தோற்க வேண்டாம் அம்மா. நான் சேர வேண்டிய ஊரை நான் பார்த்துக்கொள்வேன். நீ உன் வண்டியை ஓட்டு."

குரலில் கோபம் இருந்தது. மகளின் முகம் வாடிற்று. எங்களுக்கோ அக்கோபம் இனித்தது. எட்டு மாதங்களாக அவர் தம் கையிடம் கோபித்திருக்கிறார், கைத்தடியிடம் கோபித்திருக்கிறார், உப்பில்லாத சாம்பாரிடம் கோபித்திருக்கிறார். தமக்கு விட்டுக்கொடுக்கப்படுவதை எதிர்த்துக் கோபித்தது அன்றுதான். பின்னர் பேரனைப் பார்த்து, "பாதை அடைத்தால் வண்டியைத் திருப்பிவிடுவதுதான் என் தொழிலே" என்று சொல்லித் தெற்கே சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். மருத்துவமனையில் ஒரு தாளில் எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லித் திட்டமிடும் ஆற்றலை நாங்கள் அளப்பது உண்டு. ஆறு வாரங்களுக்கு முன் அந்தத் தாளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர் இவர்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இச்செய்தி முழுமையாகாது. பராமரிப்பவர்களும் இந்த இதழின் வாசகர்கள். தொடக்கத்தில் அவர் அப்பாவின் நாற்காலிக்கு அருகிலேயே கைக்குட்டையும் தண்ணீர்ப் புட்டியுமாக அமர்ந்திருந்தார். ஆட வாருங்கள் என்றால், "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். அலமாரியின் கீழ்த்தட்டில் பல்லாங்குழி ஒன்று இருந்தது. எங்களில் ஒருவர் அதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்துக் குழிக்கு ஐந்தாகச் சோழிகளைப் போடத் தொடங்கவும், "எங்கள் ஊரில் ஆறு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார். பிறகு நடந்தது ஆட்டமாக இல்லை, சூறையாகத்தான் இருந்தது. குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு'. அப்பசுக்களையெல்லாம் அவரே ஓட்டிக்கொண்டு போனார். அவர் எந்த நாற்காலியில் அமர்ந்தார் என்பதைச் சிறிது நேரம் கழித்தே கவனித்தோம். அப்பாவுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். எட்டு மாதங்களில் விழித்திருக்கும் வேளையில் அவர் அப்பாவைப் பாராமல் ஒரு மணி நேரம் இருந்தது அதுவே முதல் முறை. ஒருமுறை அப்பா இருமினார். அம்மா பாதி திரும்பினார். பேரன் தாத்தாவின் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். மீண்டும் குழியைப் பார்த்துக் காய்களை அள்ளினார்.

முடிவில் மகன் முதலிடம், மகள் இரண்டாமிடம். அப்பா லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேர்ந்தார். ஆனால் நீளமான தொடர்ப்பாதைக்குரிய பத்துப் புள்ளி பேரனுக்குப் போயிற்று. அவர் விதித்த நிபந்தனை இதுதான்: தாம் பெற்றது மூன்றாம் இடம் என்பதையும், கடைசி இடம் டாக்டருடையது என்பதையும் தெளிவாக அச்சிட வேண்டும். அச்சிட்டுவிட்டோம். எண்ணிக்கையில் பேரன் ஏதோ செய்துவிட்டான் என்று அவர் வீடு வரும்வரை வழக்காடினார். வந்ததும் உடை மாற்றாமலே உறங்கிப்போனார். மறுநாள் காலையிலும் களைப்பு இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, இதைப் படித்துவிட்டு, 'விளையாடினால் மூளை நோய் வராதாமே' என்று எவரும் எண்ணிவிடாதிருக்க ஆய்வுகள் சொல்வதைக் கூறிவிடுகிறோம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2003இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. படிப்பது, இசைக்கருவி வாசிப்பது, நடனமாடுவது, பலகை விளையாட்டு ஆடுவது ஆகிய பழக்கங்கள் உடையவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்தது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 3,675 முதியோரை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, 2013இல் வெளிவந்தது, நம்மை நிதானிக்கச் சொல்கிறது. அங்கும் பலகை விளையாட்டு ஆடியவர்களுக்கு டிமென்ஷியா 15 விழுக்காடு குறைவாகவே காணப்பட்டது. எனினும் தொடக்கத்திலேயே அவர்களுடைய அறிவாற்றலும் மனநிலையும் எப்படி இருந்தன என்பதைக் கணக்கில் சேர்த்தபோது, அவ்வேறுபாடு உறுதியாகச் சொல்லக்கூடியதாக நிற்கவில்லை. ஆடியதால் மூளை நலமாக இருந்ததா, மூளை நலமாக இருந்தவர்கள் ஆடினார்களா? இதைப் பிரித்தறிவது கடினம். ஆகவே கைப்பேசியில் 'மூளைப் பயிற்சி' என்று பணம் கேட்கும் செயலிகளைக் கண்டால் பணப்பையை மூடிவையுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உண்பது மூளைக்குச் செய்யும் நன்மையை எந்தத் தாயக்கட்டையும் செய்யாது.

தனிமையும் செவித்திறன் குறைவும் டிமென்ஷியாவுக்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் அடங்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விளையாட்டு மேசையின் நன்மை இந்த வழியாகத்தான் வரக்கூடும் என்பது எங்கள் எண்ணம். பேச்சுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. முறை வரும்போது பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் சமம். வாய் குழறுபவரும் காய் நகர்த்தித் தம் கருத்தைச் சொல்லிவிடலாம்.

எந்த நோயாளிக்கு எந்த ஆட்டம் என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. பொதுவிதி எதுவும் இல்லை; கண்டவற்றைச் சொல்கிறோம். பல்லாங்குழியில் காய்களை ஒவ்வொன்றாக நழுவவிடுவது விரல் நுனிக்கு நல்ல பயிற்சி. தளர்ந்த கையால் இயலாவிட்டால் பெரிய புளியங்கொட்டையில் தொடங்கிப் பின்னர் சோழிக்கு வரலாம். மரக்கட்டைகளை அடுக்கி உருவும் 'ஜெங்கா'வை நடுக்குவாதம் உள்ளவர் முன் வைப்பது வேண்டாத சோதனை. அவரே விரும்பிக் கேட்டால் வேறு செய்தி. சொல்லிழப்பு வந்தவர்களுக்குச் சொற்களைக் கோக்கும் ஆட்டம் வேதனை தரும். தாயமோ ஆடு புலி ஆட்டமோ அவர்களைப் பிறருக்கு இணையாக அமர்த்தும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று கட்டை விழுந்தவுடன் கூவும் பழக்கத்தால், பேச்சு வராதவர் வாயிலிருந்து எண் தானாக வெளிப்படுவதும் உண்டு. பழகிய வரிசைச் சொற்கள் மற்றப் பேச்சைக் காட்டிலும் எளிதில் பிழைத்திருப்பது எங்களுக்குத் தெரிந்த உண்மை. அதை ஆட்டம் வெளியே இழுத்துவருகிறது.

மறதி நோய் உள்ளவர்களுக்குப் புதிய விதிகள் கற்பிக்க முனையாதீர்கள். கடைக்கு அழைத்துச் சென்றாலும் அவர் இளமையில் ஆடிய ஆட்டத்தையே எடுங்கள். நேற்று வந்த விருந்தினரை மறந்தவர், அறுபது ஆண்டுகளுக்கு முன் கை பழகியதை மறவாதிருப்பார். புலியை எங்கே நகர்த்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். அவர் விதியை மாற்றி ஆடினால் அன்றைக்கு அதுவே விதி. தோல்வியைத் தாங்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கு எல்லாரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டங்கள் உள்ளன. மேட் லீகாக் உருவாக்கிய 'பாண்டமிக்' அவற்றுள் புகழ்பெற்றது, 2008இல் வந்தது. உலகெங்கும் பரவும் தொற்றுநோயை மேசையில் இருப்போர் அனைவரும் கூடி எதிர்க்க வேண்டும். மருத்துவர்கள் விடுமுறை நாளில் அதை ஆடுவதைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிக்கருத்து உண்டு.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் ராமானி, சீக்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட முடிவு எங்களுக்கு மிகவும் பிடித்தது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய கட்டத்தில் காய் நகர்த்த வைத்தார்கள். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் மணி நேரம். அவ்வளவிலேயே எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் உள்ள கட்டத்தில் ஆடிய குழந்தைகளிடம் அந்த உயர்வு இல்லை. நெடுநாள் சிகிச்சையால் பள்ளி செல்ல இயலாத பிள்ளைகளின் பெற்றோர் இதை நினைவில் வைக்கலாம். சுண்ணக்கட்டியும் தரையும் இருந்தால் போதும்.

கடைக்குச் செல்ல விரும்புவோர் முன்னதாகத் தொலைபேசியில் சில செய்திகளைக் கேட்டறிவது நல்லது. படிக்கட்டு எத்தனை, கைப்பிடி உண்டா, கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு. இசை உரக்க ஒலித்தால் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். காதுக்கருவி அணிந்தவருக்கு அந்த இரைச்சல் பேச்சு முழுவதையும் விழுங்கிவிடும். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆட்டம் பாதியில் இருந்தாலும் களைப்பு தெரிந்தால் எழுந்துவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு சோம்பலன்று, ஊக்கப் பேச்சால் அது தீராது. இடப்புறப் புறக்கணிப்பு உள்ளவருக்குப் பலகையை நேர் எதிரே வையுங்கள். இடது ஓரத்தில் ஒரு வண்ணத் துண்டு இருக்கட்டும்.

உணவில்தான் நாங்கள் அஞ்சுவது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீர், தேநீர், குளிர்பானம் போன்ற நீர்த்த பானங்கள் எளிதில் புரையேறி நுரையீரலுக்குள் செல்லும். கெட்டியாக்கிக் குடிக்குமாறு நாங்கள் எழுதித் தந்திருந்தால், அது கடையிலும் பொருந்தும். ஆட்ட மும்முரத்தில், சிரித்துக்கொண்டே அருந்துவது இன்னும் ஆபத்து. நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்கள் உணவு வேளையைத் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஐந்தரையில் முடியும் என்பதற்கு உறுதியில்லை. புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமுள்ள மூடிய அறையும் பலர் கைபட்ட காய்களும் கூடா. அவர்கள் வீட்டில், துடைத்த காய்களைக் கொண்டு ஆடலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உடன் வந்தால் சிறு காய்கள் அதன் கைக்கெட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இவ்விடத்தில் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவினர் வேண்டுகோள் ஒன்று விடுத்தனர்: ஒளிரும், ஒலிக்கும் விளையாட்டுப் பொருள்களில் உள்ள பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

ஊரில் இத்தகைய கடை இல்லாதவர்களே நம் வாசகர்களில் பெரும்பாலோர் என்பதை அறிவோம். பரண்மேல் பாட்டியின் பல்லாங்குழி இருக்கக்கூடும்; பித்தளைத் தாயக்கட்டை பூசைச் சாமான்களுக்கிடையே கிடக்கக்கூடும். உள்நோயாளிகளின் குடும்பத்தினர் எங்கள் ஆக்குபேஷனல் தெரபி அறையின் அலமாரியிலிருந்து விளையாட்டுகளை ஏட்டில் கையெழுத்திட்டு வார்டுக்கு எடுத்துச் செல்லலாம். பல்லாங்குழி இரண்டும், தாயம் மூன்றும், துணியில் தைத்த பெரிய ஆடு புலிக் கட்டம் ஒன்றும் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். இரண்டாவது பல்லாங்குழியில் ஒன்பது காய் குறைகிறது. அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது யாரேனும் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வோம். கழுவி, வெயிலில் உலர்த்திக் கொண்டுவரவும்.